கறுப்பு வட்டத்துக்கு வெளியே

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கடலூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டார்க் ரூம் வேலையும், படங்களைத் திருத்துகிற டச்சிங் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. மனிதர்களோடு பேச எனக்கு எப்போதும் கூச்சம். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களிடம் முகத்தைத் தூக்குங்கள், தோளை இறக்குங்கள் என்று சொல்வது முதலாளியின் வேலை. அவர்கள் போன பிறகு அவர்களுடைய முகங்களைக் கண்ணாடி நெகட்டிவ் பிளேட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. அது எனக்குப் பொருந்தியிருந்தது.

ஒரு நாள் காலையில் என் மச்சான் சிதம்பரத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் வந்து நேராக ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கையில் துண்டில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது.

மச்சான் யாரையும் நேராகப் பார்க்க மாட்டார். உங்கள் முகம் தெரிய வேண்டுமென்றால் உங்கள் காதுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்ப்பார். புதிதாகப் பழகுகிறவர்கள் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை இல்லை. எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் கறுப்பாக ஒரு பொத்தல் விழும். ஓரத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு எனக்குப் பின்னாலிருந்த காலண்டரைப் பார்த்தபடி சொன்னார்.

"மாப்ளே, இப்ப ஓரமும் மங்குது. படலம் எறங்குதுங்கறார் டாக்டர். அறுத்தா வந்தாலும் வரும், இருக்கறதும் போனாலும் போவும்னுட்டார். அதுக்குள்ள இதை நான் ஒரு தடவை பாத்தாவணும்."

துண்டைப் பிரித்தார். உள்ளே ஒரு கண்ணாடி பிளேட். ஒரு மூலை உடைந்திருந்தது.

அந்த பிளேட்டின் கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மச்சான் வாலிபத்தில் கடல் கடந்து கெடாவில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தார். அங்கே ஒரு முழுச் சூரிய கிரகணம் வந்தது. அதைப் படம் பிடிக்க வெள்ளைக்காரர்கள் கப்பலில் நீளநீளமான குழாய்களையும் பெட்டிகளையும் கொண்டுவந்து எஸ்டேட் பக்கத்துத் திடலில் கூடாரம் போட்டார்கள். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டுமென்று கேட்டு மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெட்டியிலிருந்து பிளேட் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அன்று பகல் முழுக்க மேகம். சரியான நேரத்தில் மேகம் விலகியது. சூரியன் முழுதாக மறைந்தது. சூரியன் இருந்த இடத்தில் மச்சான் வேறு ஒன்றைப் பார்த்தார்.

நடுவில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். அதன் விளிம்பை ஒட்டிச் சிவப்பாக இரண்டு மூன்று பொட்டுகள். அதற்கு வெளியே, எல்லாப் பக்கமும், வெள்ளையாக இதழ் இதழாக விரிந்த ஒரு வெளிச்சம். இதழின் நுனியிலிருந்து நூல் நூலாக ஓடிப்போய் வானத்திலேயே கரைந்துவிட்டதாம். முழுதாக மறைந்திருக்கும்போது பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று துரைமார் சொல்லியிருந்தார்கள். வெளிச்சம் திரும்பியவுடன் கறுப்புக் கண்ணாடியை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். வெளிச்சம் திரும்பியது. மச்சானுக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் ஒரு பிளேட்டை, அதிகமாகக் கறுத்துவிட்டது, மூலையும் உடைந்துவிட்டது என்று ஒதுக்கினார்கள். மச்சான் கேட்டு வாங்கிக்கொண்டார். கண் போனதால் எஸ்டேட் வேலையும் போய், ஊர் திரும்பும்போது அவர் கொண்டுவந்த சாமான்களில் அதுவும் ஒன்று.

சிதம்பரத்தில் ஒரு கடையில் அதைப் பிரிண்ட் போட்டுப் பார்த்தார்கள். கறுப்பு வட்டத்தைச் சுற்றி மெல்லியதாக ஒரு வெள்ளை வளையம் வந்தது. அவ்வளவுதான். அக்கா, அதாவது மச்சானின் மனைவி, அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த வளையலுக்கா ரெண்டு கண்ணையும் குடுத்தீங்க? எங்கிட்டச் சொல்லியிருந்தா கடைத்தெருவுல டஜன் கணக்குல வாங்கியாந்திருப்பேனே" என்றார். அந்தப் பேச்சு வீதி முழுக்கப் பரவியது. கோயிலுக்குப் பக்கத்து வீதி. "நடராஜர் திருவாசியையே பாத்துட்டியாமே" என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு. மச்சான் கோபப்பட மாட்டார். "திருவாசியில நெருப்பு கொழுந்து கொழுந்தா நிக்கும். இது எரியல. பால் மாதிரி சும்மா இருந்துச்சு" என்று விளக்கம் சொல்வார். சொல்லச் சொல்லக் கிண்டல் அதிகமாகும்.

அக்காவும் அன்றைக்கு கெடாவில்தான் இருந்தார். ஆனால் கிரகணம் என்று எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தமிழர்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அக்கா ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் உலக்கையை நிறுத்திவைத்து, அது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிரகணம் இருக்கும்வரை உலக்கை சாயாமல் நிற்கும் என்பது நம்பிக்கை. "ஒலக்கை நின்னுச்சு. கோழி அடைஞ்சுது. அப்புறம் விடிஞ்சுது. நான் பாத்தது அதுதான்" என்பார். கிரகணத்தைப் பார்க்காதே என்று பெரியவர்கள் சொன்னதை மீறியவருக்குக் கண் போனது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"அவ சொல்லிட்டுப் போறா, மாப்ளே" என்றார் மச்சான். "எனக்கே இப்பச் சந்தேகமா இருக்குது. இத்தனை வருசமா சொல்லிச் சொல்லி, நானே அதைப் பெருசு பண்ணிட்டேனோ என்னவோ. நெசமாவே அப்படி இருந்துச்சா, இல்ல கண்ணு போன வயித்தெரிச்சல்ல நானா வளத்துக்கினேனா? அதுதான் தெரியணும். கண்ணு முழுசா போயிட்டா அப்புறம் யார்கிட்டப் போயி கேக்கறது?"

நான் பிளேட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாகவும் படாத இடம் தெளிந்த கண்ணாடியாகவும் இருக்கும். நடுவில் தெளிவாக ஒரு வட்டம். அதைச் சுற்றிக் கனத்த கறுப்பு. அதற்கு வெளியே ஒன்றும் இல்லாத மாதிரிதான் முதலில் இருந்தது. பிளேட்டைக் கொஞ்சம் சாய்த்தேன். ஊதுவத்திப் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. இன்னும் சாய்த்தேன். அது பிளேட்டின் ஓரம்வரைக்கும் போயிருந்தது.

"ஏதோ இருக்கு மச்சான்" என்றேன்.

"இருக்கா?"

"இருக்கு. வெளியே கொண்டாரதுதான் கஷ்டம்."

கஷ்டம் இதுதான். வட்டத்தை ஒட்டிய இடம் பிளேட்டில் கனமாக இருந்தது, வெளிப்பக்கம் மிக லேசாக இருந்தது. பிரிண்ட் போடும்போது அதிக நேரம் விளக்குக் காட்டினால் உட்பக்கத்து வளையம் நன்றாக விழும், வெளிப்பக்கம் கறுத்து இருட்டோடு இருட்டாகப் போய்விடும். சிதம்பரத்துக் கடையில் நடந்தது அதுதான். குறைந்த நேரம் காட்டினால் வெளிப்பக்கம் வரும், உட்பக்கம் வெறும் வெள்ளையாக, சுண்ணாம்பு அப்பினதுபோல் ஆகிவிடும். இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவர வேண்டுமென்றால் உள்ளுக்கு அதிகமும் வெளியே குறைவுமாக வெளிச்சம் விழ வேண்டும். ஸ்டூடியோவில் பெரிய படம் போடுகிற என்லார்ஜர் ஒன்று இருந்தது. இறந்துபோனவர்களின் படத்தைச் சுவரில் மாட்டுவதற்காகப் பெரிதாக்குவோம். அதை முதலாளியிடம் கேட்டேன். யுத்தத்தினால் தாள் கிடைக்காத நேரம். அவர் யோசித்துவிட்டு, "ஒரு பெரிய தாள் எடுத்துக்க. ஒண்ணுதான். மத்த பரீட்சை எல்லாம் துண்டுத் தாள்ல வச்சுக்க" என்றார். நல்ல மனிதர்.

பிளேட்டை என்னிடம் விட்டுவிட்டு மச்சான் மாலை வண்டியில் திரும்பிப் போனார்.

அந்த வாரம் சிதம்பரத்திலிருந்து ஒரு கல்லூரி வாத்தியார் குரூப் போட்டோ வாங்கிப்போக வந்தார். டச்சிங் மேஜையில் இருந்த பிளேட்டைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். என்ன இது, யாருடையது என்று கேட்டு, உட்கார்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார். நாம் தினமும் பார்க்கிற சூரிய வட்டத்தோடு சூரியன் முடிந்துவிடவில்லையாம். அதற்கு மேலே மெல்லிய சிவப்பு அடுக்கு ஒன்று இருக்கிறதாம். மச்சான் சொன்ன சிவப்புப் பொட்டுகள் அதிலிருந்து எழும்புகிறவை. அதற்கும் வெளியே இந்த வெள்ளை அடுக்கு. சூரியனைப்போல் பல மடங்கு தூரத்துக்குப் பரந்திருக்கிறது.

நான் சாதாரணமாகக் கேள்வி கேட்க மாட்டேன். அன்று கேட்டேன்.

"கிரகணத்தன்னிக்கு மட்டும் வருமா சார் அது?"

"எப்பவும் இருக்கு. இந்த நிமிஷம்கூட இருக்கு. சூரியனோட வெளிச்சத்துல நம்ம கண்ணுக்குத் தெரியாது. நிலா வந்து நடுவை மறைச்சாத்தான் ஓரம் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ குடும்ப விஷயம் சொல்கிறதுபோல் சொன்னார். "இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. சூரியனோட மேல்பரப்பைவிட இந்த வெளி அடுக்குதான் பல மடங்கு சூடாம். இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க."

"அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு கொறையத்தானே சார் வேணும்?"

"கொறையணும். ஏன் கொறையலன்னு யாருக்கும் தெரியல. எனக்கும் தெரியல" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார்.

அவர் போன பிறகு நான் வெளியே போய்த் தெருவில் நின்றேன். நல்ல வெயில். நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. என் தலைக்கு மேலே அந்த இதழ்கள் விரிந்திருக்கின்றன என்று நினைத்தேன். அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாது. அப்படிப் பார்த்து மச்சானுக்கு என்ன ஆனது என்பதும் எனக்குத் தெரியும்.

துண்டுத் தாள்களில் பரீட்சை செய்தேன். கறுப்பு அட்டையில் வட்டமாக ஓட்டை வெட்டி, என்லார்ஜர் விளக்குக்கும் தாளுக்கும் நடுவில் பிடித்தேன். அட்டையை நிறுத்திப் பிடித்தால் ஓட்டையின் விளிம்பு படத்தில் கோடாக விழுந்துவிடும். மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு துண்டில் இதழின் அடி வந்தது. இன்னொரு துண்டில் நுனி வந்தது. ஹைப்போக் கரைசலில் கிடந்த அந்தத் துண்டைச் சிவப்பு விளக்கில் பார்த்தபோது மச்சான் சொன்ன நூல் தெரிந்தது. ஒன்றல்ல, மூன்று நான்கு. இனிப் பெரிய தாளில் போடலாம் என்று முடிவு செய்து, பிளேட்டை டச்சிங் மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது முதலாளி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் சுரண்டுகிற கத்தி.

எங்கள் ஸ்டூடியோவுக்குக் மாதாகோயில் தெரு கிறிஸ்தவக் குடும்பங்களின் வாடிக்கை அதிகம். புது நன்மை வாங்குகிற, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்குகிற, பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் வெள்ளை முக்காடுமாகப் படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். அந்த வெள்ளை, பிளேட்டில் கசிந்து, தலையைச் சுற்றிப் புகை மாதிரி நிற்கும். முதலாளிக்கு அந்தப் புகை ஆகாது. பிளேட்டைக் கத்தி முனையால் நோகாமல் சுரண்டி, பின்னணியைச் சுத்தக் கறுப்பாக்கிக் கொடுப்பார். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"வந்துட்டியா? உன் மச்சான் பிளேட்ல ஒரே புகை. உனக்கு வேலை மிச்சம் பண்ணலாம்னு ஒரு பக்கம் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன், பாரு" என்றார்.

பார்த்தேன். வலது பக்கம், கால்வாசி அளவுக்கு, கண்ணாடி பளிச்சென்று இருந்தது. வட்டத்தை ஒட்டிய கனத்த கறுப்பை மட்டும் அழகாக விட்டுவிட்டு மற்றதை எடுத்திருந்தார்.

என் முகத்தைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார்.

"அது புகை இல்லையா?"

"இல்லீங்க. அதுதான் படம்."

கத்தியை மேஜைமேல் வைத்தார். "முப்பது வருசமா கை பழகிப்போச்சுப்பா" என்றார். பிறகு மெதுவாக, "ஒண்ணு பண்ணு. பிரிண்ட் போடறதுக்கு முன்னால, பிளேட்ல அந்தப் பக்கத்தை நீயே பென்சில்ல எழுதிடு. இந்தப் பக்கம் இருக்கற மாதிரியே. உன் கைக்கு ஒரு மணி நேர வேலை. அவருக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் இல்லாத பல்லை வைத்திருக்கிறோம், ஒன்றரைக் கண்ணை நேராக்கியிருக்கிறோம். என்னால் செய்திருக்க முடியும். ஆனால் உட்கார்ந்து யோசித்தபோது, அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. பிளேட்டை எத்தனையோ தடவை சாய்த்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறேன். எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டதாகத்தான் எண்ணியிருந்தேன். துண்டுத் தாளில் எடுத்ததெல்லாம் வேறு பக்கம். மச்சான் கேட்டது ஒன்றே ஒன்று. தான் பார்த்தது நிஜமா என்று. அதற்கு நான் எழுதிய பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன அர்த்தம்?

பெரிய தாளில் படம் போட்டேன். அட்டையை ஆட்டி ஆட்டிக் கை மரத்துப்போயிற்று. டெவலப்பரில் முதலில் கறுப்பு வட்டம் வந்தது. அதற்கு வெளியே வானம் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டியது. இருட்ட இருட்ட இதழ்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நின்றன. வலது பக்கம் மட்டும் வெறும் இருட்டு. முதலாளி பின்னால் நின்று பார்த்தார். "இவ்வளவும் அதுக்குள்ளயா இருந்துச்சு" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. வலது பக்கத்தைப் பற்றி மச்சானிடம் எப்படிச் சொல்வது? யாரிடமும் நல்ல சேதியைச் சொல்லவே எனக்கு நாக்கு எழாது. பரங்கிப்பேட்டையில் வண்டி நின்றபோது சொல்ல வேண்டிய வார்த்தைகளை ஒரு தடவை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். வண்டி நகர்ந்ததும் கலைந்துவிட்டன.

வீட்டில் நடுமுற்றத்தில் வெயில் இறங்கியிருந்தது. அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி. வளையல் வந்துடுச்சா?" என்றார்.

"கொஞ்சம் எந்திரிச்சு இதைப் பிடிங்கக்கா" என்றேன். அவர் முறத்தை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, படத்தை வாங்கி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். படத்தைப் பார்க்கவில்லை. மச்சானைத்தான் பார்த்தார்.

மச்சான் வழக்கப்படி அக்காவின் தோளுக்கு வெளியே தூணைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்தார். "ஏதோ வெள்ளையா இருக்குது" என்றார். ஒரு எட்டு பின்னால் வைத்தார். இன்னும் ஒரு எட்டு. அப்புறம், நான் அவரிடம் ஒருநாளும் பார்த்திராத ஒரு காரியத்தைச் செய்தார். முகத்தைத் திருப்பி, படத்தை நேருக்கு நேராகப் பார்த்தார்.

அசையாமல் நின்றார். எனக்கு உடனே விளங்கவில்லை. எதை நேராகப் பார்த்தாலும் அவருக்கு நடுவில்தானே பொத்தல் விழும். பிறகுதான் புரிந்தது. இந்தப் படத்திலும் நடுவில் இருப்பது கறுப்புதான். அந்தத் தூரத்தில் அவர் கண்ணிலிருந்த கறுப்பு படத்தின் கறுப்பு மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு வெளியே இருப்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது.

"மாப்ளே, இதுல மட்டும் எனக்கு எதுவும் கொறையல" என்றார்.

பிறகு, "நெசந்தான்" என்றார். அது எங்களுக்குச் சொன்னதில்லை.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வெயிலாலும் இருக்கலாம். பிறகு கையை நீட்டி, காற்றில் வட்டமாக விரலை ஓட்டினார். மேலே, இடது பக்கம், கீழே என்று ஒவ்வொரு இதழாகத் தொடுகிற மாதிரி. வலது பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"இங்க ஒண்ணு இருக்கணுமே."

வழியில் அடுக்கிய வார்த்தை எதுவும் வரவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னேன். முதலாளி புகை என்று நினைத்துச் சுரண்டியது, பென்சிலால் எழுதிவிடச் சொன்னது, நான் எழுதாமல் விட்டது எல்லாவற்றையும். மச்சான் கேட்டுக்கொண்டார். விரல் அந்த இடத்திலேயே இருந்தது.

"நல்ல வேளை நீ எழுதல" என்றார். "எழுதியிருந்தா அதுதான்னு நெனச்சிருப்பேன். சரி விடு. அந்தப் பக்கம் மட்டும் மேகம் விலகலைன்னு வச்சுக்குவோம்."

அப்போதுதான் அக்கா படத்தைத் தன் பக்கம் திருப்பினார். முதலில் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு கிட்டத்தில். ஏதாவது கிண்டல் வரும் என்று நான் காத்திருந்தேன். அவர் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து, படத்தின் வலது பக்கத்து இருட்டில் விரலை வைத்தார்.

"இங்க என்னதான் இருந்துச்சு?"

அத்தனை வருஷத்தில் அவர் மச்சானிடம் கிரகணத்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது என்று எனக்குத் தோன்றியது. மச்சானுக்கும் தோன்றியிருக்க வேண்டும். அக்காவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இங்க இருந்ததுதான் எல்லாத்துலயும் நீளம்" என்றார். "அடியில அகலமா இருக்கும். போகப் போக ஒடுங்கிடும்."

"எவ்வளவு நீளம்?"

"நம்ம சூரியனை அந்தப் பக்கமா மூணு அடுக்கி வச்சா எவ்வளவு, அவ்வளவு."

"நேராவா போச்சு?"

"இல்ல. நுனியில லேசா வளைஞ்சிருக்கும். காத்துல துணி வளையற மாதிரி. ஆனா ஆடல. அசையாம நின்னுச்சு."

"நெறம்?"

நான் கடலூர் வண்டிக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன். இரண்டு பேரும் கவனிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்போது உள்ளே அக்கா, "சும்மா வெள்ளைன்னா எப்படி? பால் வெள்ளையா, சுண்ணாம்பு வெள்ளையா? சரியாச் சொல்லுங்க" என்று கேட்பது காதில் விழுந்தது.